லினக்ஸ் மின்டும் மலிவு லேசர் பிரிண்டரும்: கடையிலிருந்து முதல் தாள் வரை

லினக்ஸ் கணினிக்குப் பிரிண்டர் வாங்குவதென்றால், வேலையில் பாதி கடையிலேயே முடிந்துவிடும். சரியான மொடல் கைக்கு வந்தால் மிச்சத்தைத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் முடிக்கலாம். பிழையான மொடல் வந்தால் ஒரு சனி ஞாயிறு போய்விடும். அதனால் வாங்கும் கதையிலிருந்தே தொடங்குகிறேன். படிகளை லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டை வைத்து எழுதியிருக்கிறேன். உபுண்டு பாவிப்பவர்களுக்குச் சன்னல்களின் தோற்றம் கொஞ்சம் மாறும், வழி ஒன்றுதான்.

முதலில், ஏன் கறுப்பு வெள்ளை லேசர்? வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் கடந்தகால வினாத்தாள், ரியூசன் நோட்ஸ் என்று தாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் யாழ்ப்பாணத்துப் பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போட்டோக்கொப்பிக் கடைக்கு ஓட முடியாது. இங்க்ஜெட்டை இரண்டு கிழமை பாவிக்காமல் விட்டால் மை காய்ந்து ஹெட் அடைக்கப் பார்க்கும். லேசரில் இருப்பது காய்ந்த பிளாஸ்டிக் தூள். லேசர் ஒளி டிரம் என்ற உருளையில் எழுத்தை வரைய, அந்த இடத்தில் தூள் ஒட்டி, தாளுக்கு மாறி, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிப் பிடிக்கிறது. மூன்று மாதம் சும்மா கிடந்தாலும் முதல் தாள் கறுப்பாகவே வரும்.

கடையில் பார்க்க வேண்டியது

விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்குள் பக்கத்தைத் தானே அமைக்கும் மூளை கிடையாது. கணினிதான் பக்கத்தைப் புள்ளி புள்ளியாக அமைத்து, அந்தக் கம்பனிக்கு மட்டுமே விளங்கும் வடிவத்தில் அனுப்ப வேண்டும். விண்டோஸுக்கு அதைச் செய்யும் டிரைவர் பெட்டியோடேயே வரும். லினக்ஸுக்கு யாராவது எழுதியிருக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான்: இந்த மொடலுக்கு யாராவது எழுதியிருக்கிறார்களா?

பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' என்று போட்டிருந்தால் கேள்வியே இல்லை. பொதுவான மொழியில் கதைக்கிற பிரிண்டர் அது, டிரைவர் தேவைப்படாது. பிரதர் எச்எல்-எல்2350டிடபிள்யூ அப்படிப்பட்டது. வைஃபையில் சேர்த்தவுடன் பட்டியலில் தானாகவே வந்து நிற்கும். ஆனால் அது கொஞ்சம் விலை.

அதைவிடக் குறைந்த விலைக்கு, யூஎஸ்பி மட்டும் உள்ள பிரதர் எச்எல்-1110 போன்றவற்றுக்கு 'பிஆர்லேசர்' என்ற திறந்த மூல டிரைவர் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். பான்டம் பி2500 வரிசைக்குக் கம்பனியே தன் தளத்தில் லினக்ஸ் டிரைவர் தருகிறது. எச்பியில் பி1102 போன்ற மொடல்களுக்கு 'எச்பிலிப்' என்ற டிரைவர் தொகுப்பு வேலை செய்யும், ஆனால் கூடவே ஒரு பிளகினை (துணை மென்பொருளை) இணையத்திலிருந்து இறக்க வேண்டும். கணினியைப் புதுப்பிக்கும்போது எச்பிலிப் மாறினால் அந்தப் பிளகினை மறுபடியும் போட வேண்டி வரும்.

பழைய சாமான் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. கனொன் எல்பிபி 2900 நல்ல உழைப்பாளி, தென்னாசியாவில் கன இடத்தில் ஓடுகிறது. ஆனால் அதன் 'காப்ட்' மொழிக்குக் கம்பனி தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, இன்றைய கணினியில் அதை நிறுவுவது அனுபவசாலிக்கே தலையிடி. முதல் பிரிண்டராக அதை எடுக்க வேண்டாம்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? மடிக்கணினியைக் கடைக்கே கொண்டு போங்கள். 'ஒருக்கா செருகிப் பார்க்கலாமோ அண்ணை?' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மடிக்கணினி இல்லாவிட்டால் லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் போட்டு, கடைக் கணினியில் நிறுவாமலே ஓடவிட்டும் பார்க்கலாம். ஒரு தமிழ்ப் பக்கம் அச்சாகி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

வயரைச் செருகுமுன்

பிரிண்டருக்குள் ஆரஞ்சு நிற ரேப், பாதுகாப்புக் கடதாசி எல்லாம் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் வடிவாக எடுத்துவிடுங்கள். டோனரை (தூள் இருக்கும் கூட்டை) இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக மெதுவாக ஆட்டிவிட்டுப் போடுங்கள், தூள் சமமாகப் பரவும்.

யூபிஎஸ்ஸில் செருக வேண்டாம், நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். சூடாக்கும் பகுதி ஒரேயடியாக நிறையக் கரண்ட் இழுக்கும். வீட்டுச் சின்ன யூபிஎஸ் அதைத் தாங்காமல் கணினியையும் சேர்த்து நிப்பாட்டிவிடும்.

நிறுவுதல்

பிரிண்டரைப் போட்டு, யூஎஸ்பி வயரைச் செருகி, ஒரு நிமிடம் பொறுங்கள். பல மொடல்களுக்கு மின்ட் தானாகவே எல்லாம் செய்துவிட்டு, பிரிண்டர் தயார் என்று மூலையில் காட்டும். காட்டினால் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

காட்டாவிட்டால் மெனுவில் 'பிரிண்டர்ஸ்' என்பதைத் திறந்து 'அட்' பொத்தானை அழுத்துங்கள். கடவுச்சொல் கேட்கும். இடப்பக்கப் பட்டியலில் உங்கள் பிரிண்டரின் பெயர் தெரியும். அதைத் தெரிந்து 'ஃபோர்வேர்ட்' கொடுத்தால் டிரைவரைத் தேடும். தானாக அகப்படாவிட்டால் கம்பனிப் பட்டியலைக் காட்டும். கம்பனி, பிறகு மொடல், அதில் 'ரெக்கமென்டட்' என்று போட்டிருப்பது. கடைசியில் 'அப்ளை'. சோதனைப் பக்கம் அடிக்கவா என்று கேட்கும், அடியுங்கள்.

மொடல் பட்டியலிலேயே இல்லையா? சொவ்ட்வெயர் மனேஜரைத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'பிஆர்லேசர்' என்று தட்டி நிறுவுங்கள். எச்பி என்றால் 'எச்பிலிப்'. பிறகு பிரிண்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுவிட்டு மேலே சொன்னதை மறுபடி செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பின்னால் நின்று வேலை செய்வது 'கப்ஸ்' என்ற மென்பொருள். மைக்கேல் சுவீட் எழுதி 1999இல் வெளியிட்டார். ஆப்பிள் கணினிகளும் 2002 தொடக்கம் இதைத்தான் பாவிக்கின்றன. லினக்ஸில் அச்சு வேலை ஏதோ ஒட்டுப்போட்ட ஏற்பாடு என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

ஏ4, தவறாமல்

மின்டை நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிந்தவர்கள் கனபேர். அதனால் கணினி தாளின் அளவை 'லெட்டர்' என்று எடுத்துக்கொள்ளும். லெட்டர் 216 × 279 மில்லிமீற்றர், நாங்கள் வாங்குகிற ஏ4 210 × 297. விளைவு, அடிவரி வெட்டுப்படும் அல்லது பிரிண்டர் லைட்டை மினுக்கிக்கொண்டு வராத தாளுக்குக் காத்திருக்கும். பிரிண்டரின் மேல் வலது கிளிக் செய்து 'புரொப்பர்ட்டீஸ்', அதில் 'பிரிண்டர் ஒப்ஷன்ஸ்', அங்கே ஏ4. அதே இடத்தில் 'டோனர் சேவ்' இருந்தால் போட்டுவிடுங்கள், நோட்ஸ் வாசிக்க அந்தக் கறுப்புக் காணும்.

தமிழ் எழுத்து

யூனிகோட் தமிழில் பிரச்சினை வராது. திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே அச்சாகும். சிக்கல் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில். எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் அனுப்புகிற வேர்ட் கோப்புகளில் பாமினி இன்னும் நிறைய இருக்கிறது. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவிந்து கிடக்கும். அனுப்பியவரிடம் எழுத்துருக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்து 'இன்ஸ்டோல்' அழுத்தி, ஆவணத்தை மூடித் திறந்தால் சரி. பிடிஎஃப் ஆக அனுப்பச் சொன்னால் இன்னும் சுகம், எழுத்துரு அதற்குள்ளேயே வந்துவிடும்.

இரண்டு பக்கமும் அடிக்க

மலிவு மொடல்கள் தாளைத் தாமாகப் புரட்டா. அச்சிடும் சன்னலில் 'பேஜ் செட்டப்' பகுதியில் முதலில் ஒற்றை எண் தாள்கள் மட்டும், பிறகு கட்டைத் திருப்பி வைத்து இரட்டை எண் தாள்கள் மட்டும். எந்தப் பக்கமாகத் திருப்புவது என்பது மொடலுக்கு மொடல் வேறு. தட்டில் மேலே இருக்கிற தாளின் தலைப்பக்க மூலையில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு, ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எழுத்து புள்ளடி இருக்கும் முகத்தில் விழுந்ததா, பின்முகத்திலா, தலை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதைப் பிரிண்டரின் மேலேயே ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். மொத்தப் பக்கம் ஒற்றை எண் என்றால், இரண்டாம் முறைக்கு முன் கடைசித் தாளை எடுத்து வைத்துவிடுங்கள்.

கரண்ட் போனால், மாரி வந்தால்

அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்த பிறகு பிரிண்டர் பேசாமல் இருந்தால், பழுது என்று நினைக்க வேண்டாம். கப்ஸ் வரிசையை நிறுத்தி வைத்திருக்கும். 'பிரிண்டர்ஸ்' சன்னலில் வலது கிளிக் செய்து 'எனேபிள்ட்' என்பதில் சரி போடுங்கள். உள்ளே தாள் சிக்கியிருந்தால் மூடியைத் திறந்து, தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். சூடாக்கும் பகுதியில் கை வைக்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழி மழைக்குத் தாள் ஈரம் இழுக்கும். ஈரத் தாள் சுருளும், சிக்கும், தூளும் சரியாகப் பிடிக்காது. விரலால் தேய்க்க எழுத்து உதிர்ந்தால் முதலில் தாளைச் சந்தேகியுங்கள். திறந்த கட்டை உறையோடு மூடிய பெட்டியில் வையுங்கள், தட்டில் தேவையானதை மட்டும் போடுங்கள். டோனர் தூள் உடுப்பில் கொட்டினால் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணியில் கழுவுங்கள். சுடுதண்ணி பட்டால் உருகிப் பிடித்துவிடும்.

போனிலிருந்தும்

வைஃபை இல்லாத பிரிண்டரையும் வீட்டுப் போன்களுக்குத் திறந்துவிடலாம். 'பிரிண்டர்ஸ்' சன்னலில் 'சேர்வர்', 'செட்டிங்ஸ்' போய், இணைத்த பிரிண்டர்களைப் பகிரும் முதல் பெட்டியில் சரி போடுங்கள். பிரிண்டரின் வலது கிளிக்கிலும் 'ஷெயார்ட்' சரி இருக்க வேண்டும். கணினி ஓடிக்கொண்டு, போனும் அதே வைஃபையில் இருந்தால், ஆன்ட்ரொயிட்டின் அச்சுப் பட்டியலில் பிரிண்டர் வரும். வராவிட்டால் கணினியின் ஃபயர்வோலில் (வெளித் தொடர்புகளைத் தடுக்கும் காவல்) கப்ஸ் பாவிக்கும் 631ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டுப் பாருங்கள்.