ஓரப்பாதை இருக்கிறது, ஆனாலும் விழுவீர்கள்: சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராமேஸ்வரம் போகிற வழியிலுள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் புதுசாக கியர் சைக்கிள் வாங்கிய நாலு பையன்களைப் பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த கூத்தை ஒன்றுவிடாமல் அவர்களும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் போடு, பிரேக்கைச் சரிபார் என்பதெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அதை சைக்கிள் விற்றவரே சொல்லியிருப்பார்.

ஓரப்பாதையில் எதிர்த்திசையில் போவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். லாரியையும், ராமேஸ்வரத்துக்கு விரட்டிக்கொண்டு போகும் டூரிஸ்ட் வேனையும் பார்த்துப் பயந்து, ரோட்டை ஒட்டி ஆட்கள் நடக்கிற பாதையில் ஏறிவிடுகிறார்கள். சரி, ஏறட்டும். ஆனால் அந்தப் பாதை ரோட்டுக்கு வலதுபக்கம் இருந்தால் நீங்கள் போவது எதிர்த்திசை. நடுவில் சந்து இல்லாதவரை அது உறைக்காது.

சந்திலிருந்து இடதுபக்கம் திரும்பப்போகிற டிரைவர் எங்கே பார்ப்பார்? வலதுபக்கம்தான், வண்டிகள் அங்கிருந்துதானே வரும். இடதுகைப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவருக்குக் கனவிலும் தோன்றாது. மீன்பெட்டி ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி அப்படித்தான் சந்துமுனையில் நின்றது, எனக்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்து நான் மிதித்தேன், அவரோ வலதுபக்கம் எட்டிப் பார்த்து ரோடு காலி என்று கிளப்பிவிட்டார். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொங்கப்போட்டிருந்தேன், ஃபோர்க்கும் ரிம்மும் போனது தனிச் செலவு. இறங்கி வந்தவர், "தம்பி, நீ எங்கேருந்துப்பா வந்தே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுதுல்ல அண்ணே, பின்னாடி வந்தாத்தானே பயம்" என்றான் அந்தப் பையன்களில் ஒருவன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோட்டில் கார் 50 கிலோமீட்டர் வேகம், நீங்கள் 15. ஒரே திசையில் போனால் அது உங்களை நெருங்கும் வேகம் 35, எதிரெதிரே என்றால் 65. அதாவது நொடிக்குப் பத்து மீட்டர் நெருங்குவது பதினெட்டு மீட்டராகிறது. பின்னால் வருபவர் வேகத்தைக் குறைத்து உங்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் வரலாம், எதிரே வருபவரால் அது முடியாது.

அதனால் ரோட்டிலேயே இடதுபக்கமாக, ஓரத்து மணலில் சக்கரம் இறங்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போங்கள். வலதுபக்கப் பாதையில் போயே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு சந்துமுனையிலும் நடை வேகத்துக்கு வாருங்கள். டிரைவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லையா, இறங்கித் தள்ளுங்கள்.

முதுகுக்குப் பின்னால் வந்து மணி அடிப்பது

ரோட்டில் லாரிக்குப் பயந்தீர்களே, இந்தப் பாதையில் நீங்கள்தான் லாரி. கிட்டே போய் அடித்தால் ஆள் திடுக்கிட்டு, எப்படித்தானோ, சரியாக உங்கள் சக்கரத்துக்கு முன்னால்தான் துள்ளுவார். தூரத்திலேயே அடியுங்கள். தலையில் மீன் கூடையோடு போகிறவர்களுக்கு மணியும் வேண்டாம், அவர்களால் திரும்பிப் பார்க்க முடியாது. "ஆத்தா, வலதுபக்கம் வர்றேன்" என்று குரல் கொடுத்தால் போதும். ஒரு ஆடு குறுக்கே போனால் மந்தையில் கடைசி ஆடு போகும்வரை நில்லுங்கள்.

காதில் ஹெட்ஃபோன்

வேண்டாம்.

லைட்டை நேராக வைப்பது

எதிரே நடந்து வருபவருக்குக் கண் கூசும். தரையைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள்.

பாம்பன் பாலத்தில் காற்றை மறப்பது

ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடமே கிடையாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிமாதக் கச்சான் காற்றில் ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வலதுபக்கமாகச் சாய்ந்துதான் மிதிப்பீர்கள். அந்த நேரம் பஸ் ஒன்று முந்தினால் காற்று சட்டென்று நின்று சைக்கிள் பஸ்ஸை நோக்கிச் சரியும், பஸ் தாண்டியதும் மறுபடி காற்று அடித்து ஓரத்துக்குத் தள்ளும். பஸ் சத்தம் கேட்டதுமே மிதிப்பதைக் குறைத்து, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் விலகியே போங்கள், பார்க்காமல்தான் திறப்பார்கள்.

ஆடியில் நான் விடியும்போதே பாலத்தைத் தாண்டிவிடுவேன். திரும்பும்போது காற்று ஏறிவிட்டால், கூச்சப்படாமல் சைக்கிளை ஏதாவது ஒரு குட்டியானையில் ஏற்றிவிடுவேன்.