போர் மோட்டாருக்கு எந்த கேபிள்? எச்.பி.யை மட்டும் பார்த்து வாங்காதீங்க

பல்லடம், பொங்கலூர், அன்னூர், அவிநாசிப் பக்கமெல்லாம் 800 அடி, 1000 அடி போர் இன்றைக்குச் சாதாரணம். மோட்டாருக்கும் பம்புக்கும் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிற தோட்டக்காரர், கேபிள் என்று வரும்போது மட்டும் ஒரே கேள்வியில் முடித்துவிடுகிறார்: “ஏனுங்க, ஏழரைக்கு எத்தனை ஸ்கொயர் போடறது?” பதிலும் உடனே வந்துவிடும்: “நாலு போதுமுங்க.” ஏழரை என்பது மோட்டாரின் எச்.பி. ஸ்கொயர் என்பது கேபிளுக்குள் இருக்கும் கம்பியின் தடிப்பு, சதுர மில்லிமீட்டரில்.

300 அடி போருக்கு அந்தப் பதில் சரி. 850 அடிக்கு அதே பதில் தப்பு. மோட்டார் அதே ஏழரைதான், கேபிள் நீளம்தான் வேறு. கேள்வியில் நீளம் இல்லாததால் பதிலிலும் அது இல்லாமல் போகிறது.

சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மெல்லிய ஓஸை நீளமாக இழுத்தால் கடைசிச் செடிக்கு அழுத்தம் இருக்காது. கேபிளும் அப்படித்தான். மேலே ஸ்டார்ட்டரில் 400 வோல்ட் காட்டும், கீழே மோட்டாருக்கு 370தான் போய்ச் சேரும். வோல்டேஜ் குறைந்தால் அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் எடுக்கும். ஆம்பியர் ஏறினால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் சூடாகும். ஏழரை மோட்டார் எடுக்கும் சுமார் 13 ஆம்பியரை 4 ஸ்கொயர் கேபிள் சூடாகாமல் சுமந்துவிடும், அதில் சந்தேகமில்லை. கேபிள் தாங்கும், காயில்தான் போகும். அதனால்தான் பலருக்குக் கோளாறு கேபிளில் என்பதே தெரிவதில்லை.

முதல் படி: மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒன்று, ஆம்பியர். மோட்டாரின் பெயர்ப்பலகையில் அடித்திருக்கும் ஃபுல் லோடு ஆம்பியரை எடுங்கள். ஒரே எச்.பி.யில் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றிரண்டு ஆம்பியர் வித்தியாசம் வரும். அதனால் எச்.பி.யை வைத்து மதிப்பிட வேண்டாம்.

இரண்டு, நீளம். போரின் ஆழம் வேறு, மோட்டார் நிற்கும் ஆழம் வேறு. நமக்கு வேண்டியது மோட்டார் நிற்கும் ஆழம். அதோடு போர் வாயிலிருந்து மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர் வரைக்குமான தூரத்தைச் சேருங்கள். ஜாயின்ட்டுக்கும் பெட்டிக்குள் சுற்றி விடுவதற்கும் பத்துப் பதினைந்து அடி கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று, வோல்டேஜ். மோட்டார் ஓடாதபோது எடுக்கும் ரீடிங்கால் பயனில்லை. பழைய மோட்டார் இருந்தால் அது ஓடும்போது, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்து, மூன்று பேஸுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். 415 இருக்க வேண்டிய இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரம் போகப் போகக் குறைந்துதான் இருக்கும்.

இரண்டாம் படி: கணக்கு

மூன்று பேஸ் மோட்டாருக்கு, டைரக்ட் ஸ்டார்ட்டர் (எடுத்த எடுப்பிலேயே முழு வோல்டேஜில் கிளப்புவது) என்றால்:

வோல்ட் இழப்பு = 1.73 × ஆம்பியர் × கேபிளின் ஓம்

செம்பு கேபிளில் ஒரு கோருக்கு 100 அடியில் இருக்கும் ஓம் இது:

2.5 ஸ்கொயர்: 0.243
4 ஸ்கொயர்: 0.151
6 ஸ்கொயர்: 0.101
10 ஸ்கொயர்: 0.058
16 ஸ்கொயர்: 0.037

இழப்பு 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 415 வோல்ட்டில் அது சுமார் 12 வோல்ட். பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் இழப்பு இன்னும் கொஞ்சம் குறைவாகவே வரும். கணக்குக்குப் புதியவர்கள் அதை விட்டுவிட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஒரு ஏழரை எச்.பி. மோட்டார், பலகையில் 13 ஆம்பியர், கேபிள் மொத்தம் 900 அடி என்று வையுங்கள். 1.73ஐ 13ஆல் பெருக்கினால் 22.5. இதை ஒவ்வொரு சைஸின் 900 அடி ஓமோடும், அதாவது மேலே உள்ள 100 அடி ஓமைப் போல 9 மடங்கோடு, பெருக்குங்கள். 2.5 ஸ்கொயருக்கு 49 வோல்ட் விழுகிறது. 4க்கு 31. 6க்கு 20. 10 ஸ்கொயர் போட்டால்தான் 12 வோல்ட்டுக்கு வருகிறது. லைனில் ஏற்கெனவே 370 தான் இருக்கிறது என்றால், 2.5 போட்ட மோட்டாருக்குக் கிடைப்பது 321 வோல்ட். அந்த மோட்டார் ஒரு கோடையைத் தாண்டினால் அதிர்ஷ்டம்.

அஞ்சு எச்.பி., 9 ஆம்பியர், 650 அடி என்றால் 4 ஸ்கொயரில் 15 வோல்ட், 6இல் 10 வோல்ட். அங்கே 6 போட வேண்டும்.

ஸ்டார்ட் ஆகும் நொடியையும் நினைத்துப் பாருங்கள். டைரக்ட் ஸ்டார்ட்டரில் அந்த நேரம் மோட்டார் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும், கேபிளில் விழும் வோல்ட்டும் பல மடங்காகும். மோட்டாரின் திருப்பு விசையோ வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். அதாவது 10 சதவீத வோல்டேஜ் குறைந்தால் விசையில் 19 சதவீதம் போய்விடும். உறுமிக்கொண்டே நின்று ஓவர்லோடு ரிலே தட்டிவிடுகிற மோட்டார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

“கரண்டுக்குத்தான் பில் இல்லையே, கேபிளில் கொஞ்சம் வீணானால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன ஏழரைக்கு 2.5 ஸ்கொயர் போட்டால் கேபிளில் மட்டும் சுமார் 1100 வாட் வெப்பமாகப் போகிறது. பில்லில் அது தெரியாதுதான். மோட்டாரின் வேகம் குறைந்து, மேலே வந்து விழும் தண்ணீர் குறைவதில் தெரியும். பிறகு காயில் கட்டும் கூலியிலும், 850 அடி பைப்பைத் தூக்கி இறக்கும் கூலியிலும் தெரியும். அதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரிய சைஸ் கேபிளுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரிதாகத் தோன்றாது.

கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஸ்டார்ட்டரில் மாட்டும் கெப்பாசிட்டர் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் வரை வரும் ஆம்பியரைக் குறைக்கும். ஸ்டார்ட்டரிலிருந்து போருக்குள் இறங்கும் கேபிளில் ஓடும் ஆம்பியர் அப்படியேதான் இருக்கும்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றுவது) என்றால் இரண்டு மூன்று-கோர் கேபிள்கள் இறங்கும். அப்போது அதே சைஸ் கேபிளில் இழப்பு மூன்றில் இரண்டு பங்குதான். மேலே பார்த்த கணக்கில் 6 ஸ்கொயர் இரண்டு போட்டால் இழப்பு 13.6 வோல்ட். 3 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறதுதான், ஆனால் பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் குறையும் என்பதால் இதை ஏற்கலாம். ஆனால் போர் ஆறரை இஞ்ச், மோட்டார் ஆறு இஞ்ச் என்றால் இரண்டு கேபிளுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வீட்டுப் போரின் சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு 1.73க்குப் பதில் 2ஆல் பெருக்குங்கள், மற்றதெல்லாம் அதே கணக்குதான். 230 வோல்ட்டில் 3 சதவீதம் என்பது 7 வோல்ட்கூட இல்லை. அதனால் 1 எச்.பி.தானே என்று 400 அடிக்கு 1.5 ஸ்கொயர் வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கடையில் பார்க்க வேண்டியது

சப்மெர்சிபிளுக்கென்று வரும் மூன்று கோர் தட்டைக் கேபிள்தான் வேண்டும். செம்பாக இருக்க வேண்டும். மேலுறையில் ஐ.எஸ். 694 என்ற எண்ணும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சைஸும் அச்சாகியிருக்க வேண்டும். போருக்குள் இறங்கும் நீளம் முழுதும் ஒரே துண்டாகக் கேளுங்கள். இரண்டு சுருளை நடுவில் ஒட்டுப் போடுவது விலைக்கு வாங்கும் கோளாறு.

அச்சு மட்டும் போதாது. நுனியில் ஒரு இஞ்ச் உறையைச் சீவி, ஒரே ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருக்க வேண்டும். மேலே செம்பு, சுரண்டினால் வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். இழைகளையும் எண்ணலாம். 0.3 மில்லிமீட்டர் இழை என்றால் 4 ஸ்கொயரில் 56, 6 ஸ்கொயரில் 84 இருப்பது வழக்கம்.

இதையெல்லாம்விட உறுதியான சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சுருளைப் பிரிக்கவே வேண்டாம். ஒரு நுனியில் இரண்டு கோர்களைச் சேர்த்து இறுக்கி முறுக்குங்கள். மறு நுனியில் அதே இரண்டு கோர்களில் மீட்டரை வைத்து ஓம் பாருங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2, 0.3 ஓமை அதிலிருந்து கழித்துவிடுங்கள். 900 அடி 6 ஸ்கொயர் என்றால் போக வர 1800 அடி, அதாவது சுமார் 1.8 ஓம் வர வேண்டும். வெயில் சூட்டில் 1.9 வரலாம். 2.5க்கு மேல் காட்டினால் செம்பு குறைவு, அல்லது அது செம்பே இல்லை. சைஸ் திருட்டு, நீளக் குறைவு இரண்டையும் இந்த ஒரே அளவை காட்டிக்கொடுக்கும். ரீடிங் குறைவாக வந்தால் சந்தோஷப்படாமல் உறையில் அச்சிட்ட மீட்டர் எண்களைப் பாருங்கள், நீளம் குறைந்திருக்கலாம்.

நான்காம் படி: ஜாயின்ட்

மோட்டாரோடு வரும் சிறிய கேபிளையும் நாம் வாங்கிய நீளக் கேபிளையும் பம்புக்கு மேலே, பைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஆழமான போருக்குப் பம்பில் ஸ்டேஜ் (அடுக்கு) அதிகம், பம்பும் நீளம். மோட்டார் கேபிள் பம்பின் தலையைத் தாண்டி வருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஜாயின்ட் பம்பின் பக்கவாட்டில் மாட்டினால் போரின் பாறையில் உரசும்.

மூன்று கோர்களையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள். ஒன்றுக்கொன்று இரண்டு இஞ்ச் தள்ளி வெட்டினால் மூன்று ஜாயின்ட்டும் பக்கம் பக்கமாக வராது. ஜாயின்ட் தடிப்பும் குறையும், ஒன்று கசிந்தாலும் அடுத்ததோடு ஷார்ட் ஆகாது. ஒவ்வொரு கோரையும் அந்த சைஸுக்கான செம்புக் குழலில் நுழைத்து கிரிம்பிங் கருவியால் இரண்டு இடத்தில் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அது பிடித்ததுபோலத் தெரியும், ஓட ஓடச் சூடாகித் தளரும்.

பிறகு டேப். முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் தாண்டிச் சுற்றுங்கள். ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக, பிறகு மூன்றையும் சேர்த்து. கடைசியாக மேலே பி.வி.சி. டேப். வெறும் பி.வி.சி. டேப்பை மட்டும் சுற்றி இறக்குவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு. ஜாயின்ட்டுக்கு மேல் 300 அடி தண்ணீர் நின்றால் அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோ. ஏறக்குறைய லாரி டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தம் அது. பி.வி.சி. டேப்பின் பசை அதைத் தாங்காது.

டேப் சுற்றும் கை ஈரமாகவோ கிரீஸாகவோ இருக்கக் கூடாது. தூறல் விழும்போது இந்த வேலையே வேண்டாம்.

முடித்ததும் ஜாயின்ட்டை ஒரு பக்கெட் தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கேபிளின் மறு நுனி எதிலும் இணைக்கப்படாமல், காய்ந்து, தனியாக இருக்கட்டும். இன்சுலேஷனில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையைக் கோரிலும் மற்றதைத் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். புது ஜாயின்ட் நூறு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். முள் சரிந்தால் டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றுங்கள். மேலே இருக்கும்போது அரை மணி நேர வேலை. இறக்கிய பிறகு அதே வேலைக்குப் பைப்பைத் தூக்கும் முக்காலியும் ஆட்களும் வேண்டும்.

ஐந்தாம் படி: இறக்குவது

மெயின் சுவிட்சை அணைத்து, பீஸ் கட்டைகளை உருவி, அதை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். கேபிளைப் பத்து அடிக்கு ஒரு கிளிப் வீதம் பைப்போடு கட்டுங்கள். இறுக்கி இழுத்துக் கட்ட வேண்டாம். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஓஸ் என்றால் எடையில் கொஞ்சம் நீளும், கேபிளுக்கு அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் இழுப்பு ஜாயின்ட்டில் போய் நிற்கும். கேபிளைப் பிடித்துத் தூக்கவோ இறக்கவோ கூடாது, அதற்குக் கயிறு தனி.

கேசிங் பைப் முடிந்து பாறை தொடங்கும் விளிம்புதான் கேபிள் வெட்டுப்படும் இடம். மோட்டார் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் பைப் ஒரு உலுக்கு உலுக்கித் திரும்பும், கேபிள் அந்த விளிம்பில் உரசும். பைப் திரும்பாமல் போர்ச் சுவரில் முட்டிப் பிடிக்கும் டார்க் அரெஸ்டர் ஒன்று போட்டால் இது பெருமளவு அடங்கும். 100 அடிக்கு ஒருமுறை நிறுத்தி மெக்கர் பாருங்கள். எந்த நூறு அடியில் ரீடிங் விழுந்தது என்று தெரிந்தால் காயம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. முழுக்க இறங்கி நின்றதும் 2 மெகா ஓமுக்குக் கீழே இருக்கக் கூடாது.

ஆறாம் படி: போர் வாயிலிருந்து ஸ்டார்ட்டர் வரை

இந்தத் துண்டில் கேபிளைச் சும்மா தரையில் விடாதீர்கள். வெயிலும் எலியும் ஒரு பக்கம், ரோட்டாவேட்டர் இன்னொரு பக்கம். தட்டைக் கேபிள் நேராக மண்ணில் புதைக்க ஏற்றதல்ல. தடித்த பி.வி.சி. பைப்புக்குள் விட்டு இரண்டரை அடி ஆழத்தில் போடுங்கள். தூரம் அதிகமென்றால் அங்கே மட்டும் ஆர்மர்டு (இரும்புக் கவசம் உள்ள) அலுமினியக் கேபிள் போடலாம். 10 ஸ்கொயர் செம்புக்கு 16 ஸ்கொயர் அலுமினியம் சமம். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் அதற்கென்று உள்ள பைமெட்டல் லக் போட வேண்டும். நேராக முறுக்கினால் அரித்துவிடும்.

மூன்று கோர் கேபிளில் எர்த் ஒயர் கிடையாது. பிளாஸ்டிக் பைப் போட்ட போரில் மோட்டாருக்கும் மண்ணுக்கும் பைப் வழியான தொடர்பும் இல்லை. ஆகவே ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இரண்டு தனித்தனி எர்த் கண்டிப்பாக வேண்டும். இரும்புக் கேசிங் இருந்தால் அதையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். தோட்டத்துச் சாளையில் குழந்தைகளும் மாடுகளும் நடமாடும் இடம் அது. எர்த் பைப் குறைந்தது எட்டேகால் அடி நீளம் மண்ணுக்குள் இருக்கட்டும், கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பத்திலிருந்து மெயின் வரையுள்ள வேலையும் எர்த்தும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால்தான் நடக்க வேண்டும்.

ஏழாம் படி: முதல் ஓட்டம்

டைரக்ட் ஸ்டார்ட்டர் என்றால் ஓவர்லோடு ரிலேயைப் பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். ஓட்டிப் பார்த்துத் தண்ணீர் குறைவாக வந்தால் திசை மாறியிருக்கலாம், இரண்டு பேஸை இடம் மாற்றிப் பாருங்கள். பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸிலும் ஆம்பியர் எடுங்கள். மூன்றின் சராசரியிலிருந்து எதுவும் 5 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

தேதி, மூன்று பேஸ் வோல்டேஜ், மூன்று ஆம்பியர், மெக்கர் ரீடிங், கேபிள் சைஸ், மொத்த அடி: இந்த ஆறையும் அழியாத மையில் ஸ்டார்ட்டர் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஆம்பியர் ஏறினால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் கோளாறு லைனில். வோல்டேஜ் அப்படியே இருந்து மெக்கர் விழுந்திருந்தால் கேபிளிலோ ஜாயின்ட்டிலோ காயிலிலோ ஈரம் ஏறியிருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் ஆம்பியர் ஏறினால் பம்பிலோ பேரிங்கிலோ தேய்மானம், மோட்டாரை மேலே எடுக்கும் நேரம் வந்துவிட்டது.