நாட்டுக்கோழிக் குஞ்சுகளின் தீவனத்தில் பூண்டும் மஞ்சளும் சேர்க்கும் முறை

இ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் குடலில் பெருகிவிட்டால், குஞ்சு தின்ற தீவனம் உடலில் ஒட்டாமல் எச்சத்தோடு போய்விடுகிறது. எடை ஏறாமல் நின்றுவிடுவதே பல பண்ணைகளில் நாம் முதலில் காணும் அறிகுறி. இதைத் தவிர்ப்பதற்கென்று நோய் வருமுன்பே ஆன்டிபயாட்டிக் கலந்து கொடுக்கும் பழக்கம் மனிதருக்கும் கேடு என்பதால்தான், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் வளர்ச்சிக்காக அவற்றைத் தீவனத்தில் சேர்ப்பதைத் தடை செய்தது. இந்திய அரசும் 2019 ஜூலையில் கோழி உள்ளிட்ட உணவுக் கால்நடைகளுக்கான கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக்கைத் தடை செய்தது. அந்த இடத்தில் மூலிகைகளை வைக்க விரும்புவோர், அவற்றையும் அளவறிந்து பயன்படுத்த வேண்டும்.

பூண்டின் கிருமியெதிர்ப்புக்குக் காரணமான அல்லிசின், முழுப் பல்லில் இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அல்லீன் என்னும் பொருளும் அல்லினேஸ் என்னும் நொதியும் ஒன்றையொன்று தொட்டு, மூக்கைத் துளைக்கும் அந்தக் காரநெடி எழும் வேளையில்தான் அது உருவாகிறது. வேகவைத்தால் நொதி அழிந்துவிடும் என்பதால், பூண்டைப் பச்சையாகவே அம்மியில் நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவைத்துப் பிறகு கலக்க வேண்டும். மஞ்சளைப் பொறுத்தவரை, நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த தூள் சந்தைக்கு வருவதுண்டு. ஆகவே விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்வதே நல்லது. மஞ்சளிலுள்ள குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். நமக்கு வேலை இருப்பதோ குடலில் என்பதால், அதை நான் குறையாகக் கருதுவதில்லை.

நான்கு வாரக் குஞ்சுகள் நூறு, நாளொன்றுக்கு மூன்று கிலோ தீவனம் எடுப்பதாகக் கொண்டால், 15 கிராம் மஞ்சள்தூளும் உரித்த பூண்டு 45 கிராமும் போதும். இரண்டையும் முதலில் இரண்டு கைப்பிடித் தவிட்டில் பிசறி, அதன் பிறகே மொத்தத் தீவனத்தில் கலக்க வேண்டும். நேரடியாகக் கொட்டினால் ஓரிடத்தில் கட்டியாகத் தங்கிவிடும். பூண்டின் அளவு மிகுந்தால் கோழியின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் என்பதால், கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலன் என்று எண்ண வேண்டாம். அன்றன்று கலந்து காலையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கானதை மொத்தமாகக் கலந்து சாக்கில் கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் பிரித்தபோது பூஞ்சை வாடை அடித்தது, அவ்வளவையும் குழிக்குள் கொட்ட வேண்டியதாயிற்று.

இந்தக் கலவை தடுப்பூசிக்கு மாற்று அன்று. வெள்ளைக் கழிச்சல் நோய் வைரஸால் வருவது. அதைப் பூண்டு தடுக்காது. கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமாக இருந்தால் அதிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கி இ.கோலைக்கு வழி திறந்துவிடும். எனவே கைப்பிடிக் கூளத்தை இறுக்கிப் பார்த்து, உருண்டையாக நின்றால் முதலில் அதைக் கிளறி உலர்த்த வேண்டும். இறக்கை தொங்கித் தீவனம் எடுக்காத குஞ்சுகளைப் பிரித்துவிட்டு, இறந்ததை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்வதே முறை. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால் அவர் சொன்ன அத்தனை நாளும் கொடுத்து, மருந்தை நிறுத்தியபின் அவர் சொல்லும் இடைவெளி கழிந்த பிறகே விற்க வேண்டும்.

பலனை அறிய, ஒரே ஈட்டில் வந்த குஞ்சுகளை இரண்டாகத் தடுத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் கலவை கொடுத்து, வாரம் ஒருமுறை காலைத் தீவனம் வைக்கும் முன்பு ஒவ்வொரு பக்கத்திலும் பத்துக் குஞ்சுகளை எடைபோட்டு, தின்ற தீவனத்தின் அளவோடு சேர்த்துக் குறித்துவைக்கவும்.