ஒழுங்கைக் குப்பைக்குத் திட்டம் போடுவது எப்படி? ஒரு தராசு, ஒரு தறப்பாள், ஒரு முடிச்சு

"குப்பை அள்ளுவது சபையின் வேலை, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு மட்டக்களப்பில் குறைவில்லை. சட்டமும் அவர்கள் பக்கம்தான். மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு குப்பை அகற்றும் கடமையைச் சபைக்குக் கொடுக்கிறது. 130ஆம் பிரிவின்படி சேகரித்த குப்பை சபையின் சொத்து. சரி, ஆனால் அது சபையின் சொத்தாகும் முன்பு நம் குசினியில்தான் கிடக்கிறது. குசினியிலிருந்து ட்ராக்டர் வரைக்கும் உள்ள அந்தத் தூரத்துக்கு நாங்களே திட்டம் போடலாம். கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து.

படி 1: எல்லையைச் சின்னதாக வையுங்கள்

முழு நகரத்தையும் திருத்தப் புறப்படாதீர்கள். ஒரு ஒழுங்கை, முப்பது நாற்பது வீடு போதும். ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒழுங்கையை வரைந்து வீடுகள், தேநீர்க்கடை, கான், ட்ராக்டர் திரும்பக்கூடிய இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். சொந்தக்காரர் கனடாவில் இருக்க, பற்றை மண்டிக் கிடக்கும் வளவு ஒன்று எல்லா ஒழுங்கையிலும் இருக்கும். அதை மறக்க வேண்டாம். இரவில் பைகள் பறந்துபோய் விழும் இடம் அதுதான்.

படி 2: ஏழு நாள் நிறுங்கள்

இதைச் செய்யாமல் கூட்டம் வைத்தால் ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

மீன்காரரிடம் ஒரு தொங்கு தராசு இரவல் வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு உரப்பை கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். பெயர் வேண்டாம், வீட்டு இலக்கம் போதும். முதல் நாள் கணக்கைச் சேர்க்காதீர்கள், அதில் பழைய குப்பையும் வரும். ஆகவே எட்டு நாள் நிறுத்து ஏழு நாளைக் கணக்கெடுங்கள். உதாரணத்துக்கு, 32 வீடுகளில் ஏழு நாளில் 448 கிலோ வந்தால், வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ. நாலு பேர் உள்ள வீடு என்றால் ஆளுக்கு அரைக் கிலோ. பிறகு சபையோடு பேசும்போது "குப்பை கூடிப்போச்சு" என்று சொல்வதைவிட இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், ஒரு நாள் குப்பையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிழலில் ஒரு தறப்பாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுங்கள். குவியலை நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை மறுபடி கிளறி, மறுபடி நாலாக்குங்கள். கையாளக்கூடிய அளவு வந்ததும் வகை வகையாகப் பிரித்து நிறுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஊசியோ பிளேடோ கிடக்கலாம் என்பதால் கையை விட்டுத் துழாவாமல் தடியால் கிளறுங்கள்.

எங்கள் தறப்பாளில் பாதிக்கு மேல் உக்கக்கூடியவைதான்: சோறு, மீன்குடல், இறால் கோது, பிழிந்த தேங்காய்ப்பூ, இளநீர்க் கோம்பை. ஆனால் எல்லாம் சொப்பிங் பைக்குள் இறுக்கிக் கட்டிய முடிச்சோடு. ஒரு பையை அவிழ்க்க எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, கடைசியில் கிழிக்க வேண்டியதாயிற்று. உள்ளே மீன்தலைகள் ஊதிப்போய்க் கிடந்தன. அந்தப் பை சில கிராம்தான் இருக்கும். அதைக் கட்டியதால் அதற்குள் இருந்த ஒன்றரைக் கிலோவும் எருவாகாமல் போகிறது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் தின்று செத்ததும் இப்படி உணவோடு சேர்ந்த பிளாஸ்டிக்கைத்தான்.

படி 3: கூட்டம்

முதல் கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தேன். எட்டுப் பேர் வந்தார்கள், எல்லாரும் ஓய்வூதியக்காரர்கள். வீட்டில் குப்பையைக் கையாளும் பெண்கள் அந்த நேரம் அடுப்படியில். அடுத்த கூட்டத்தை மாலை ஐந்துக்கு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் கூப்பிட்டோம். முற்றம் நிறைந்தது. கிராம உத்தியோகத்தர், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), வட்டார உறுப்பினர் ஆகியோரை அழையுங்கள். அவர்களைவிட முக்கியம் ட்ராக்டரில் வரும் தொழிலாளிகளும் பழைய இரும்பு, போத்தல் எடுக்க வருபவரும். எதை எடுப்பார்கள், எதை எடுக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அறிக்கை வாசிக்காதீர்கள். கட்டிய பை ஒன்றை எல்லார் முன்னாலும் அவிழ்த்துக் காட்டுங்கள். நான் அவிழ்த்தபோது ஒரு பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "மனே, கட்டிக் குடுத்தாத்தானே துப்பரவு எண்டு நினைச்சன்" என்றார். அன்றைய கூட்டத்தின் ஒரே தீர்மானம் அதிலிருந்துதான் வந்தது: உக்குவதைப் பையில் கட்டுவதில்லை, மூடியுள்ள வாளியில் போடுவது. ஒரு கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் போதும்.

படி 4: வராமல் தடுப்பது

தேநீர்க்கடைக்காரரோடு தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் 2017 செப்டெம்பரிலேயே தடை. இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் ஒரு கிழமைக்குத்தான் பலன். "ஆணம் (குழம்பு) வாங்க வருபவர் ஏனம் (பாத்திரம்) கொண்டு வந்தால் ஒரு கரண்டி கூட" என்று எங்கள் கடைக்காரர் தானாகவே அறிவித்தார். அது இன்னும் ஓடுகிறது.

படி 5: எரு

அடியை வெட்டிய பீப்பாய், பக்கங்களில் துளை, கீழே நாலு செங்கல். ஒரு பங்கு குசினிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, இது அளவுக் கணக்கு, நிறை அல்ல. நான் இலையைக் குறைத்துப் போட்டதால் இரண்டாம் கிழமை நாற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி வர வேண்டும். ஒழுகினால் இலை போடுங்கள், உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். மீன்கழிவை நடுவில் குழி பறித்துப் போட்டு மேலே மண்ணும் இலையும் மூடினால் இலையானும் நாயும் வராது. கிழமைக்கு ஒருமுறை கிளறினால் மூன்று மாதமளவில் கறுத்து, மண்வாசம் வரும். மாரியில் தகரம் போட்டு மூட மறக்காதீர்கள்.

"கிடங்கு வெட்டி எல்லாத்தையும் புதைச்சால் என்ன?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நம்முடையது மணல் தரை, கிணறும் ஆழமில்லை. பற்றரியும் குழந்தைகளின் பம்பர்ஸும் புதைத்த கிடங்கின் சாறு அந்தக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

படி 6: மிச்சம்

கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம் என்று நாட்டில் நிறக்குறியீடு இருக்கிறது. தொடங்கும்போது அவ்வளவும் வேண்டாம். கழுவிக் காயவைத்த எல்லாம் ஒரு உரப்பை, பம்பர்ஸ் வகை இன்னொன்று, உடைந்த மின்குமிழும் பற்றரியும் ஒரு பழைய தகரப்பேணி. எந்த நாளில் எது எடுக்கப்படும் என்பதைச் சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

முனையில் பொதுத்தொட்டி மட்டும் வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். மூன்றாம் நாளே மோட்டார் சைக்கிளில் போகிறவர்களெல்லாம் எறிந்து, தொட்டியைச் சுற்றித்தான் மலை. ஒரு கிழமையில் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வாழை நட்டோம்.

படி 7: மறுபடி தராசு

மூன்று மாதம் கழித்து அதே தராசு, அதே ஏழு நாள். ஒரு பக்கம் பழைய எண், மறுபக்கம் புது எண். சித்திரை வருடப்பிறப்போ மாமாங்கத் தீர்த்தமோ வரும் கிழமையைத் தவிருங்கள். அந்த நாட்களில் வீடு நிறைய விருந்தாளிகள், குப்பை கூடித்தான் நிற்கும். எண் குறையாவிட்டால் தறப்பாளை இன்னொருமுறை விரியுங்கள். எங்களுக்குக் குறைந்தது, ஆனால் பம்பர்ஸ் பை மட்டும் அப்படியே. ஒழுங்கையில் இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன.