கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் விதம்

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம் ஊர் ஊராகக் கிளினிக் வைத்த காலத்தில், புதிதாக வந்த தாதிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டிக் கொடுத்தது கழுத்துத்தான்.

குரல்வளை மேட்டில் இரண்டு விரலை வைத்து மெல்லப் பக்கவாட்டில் வழுக்க விடுங்கள். தசைக்கு முன்னால் ஒரு பள்ளம் வரும். அங்கே துடிப்பது தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடி. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பளவில் இரண்டாகப் பிரியும். அந்தப் பிரிவை அழுத்தித் தேய்த்தால் ஆள் மயங்கலாம். இரண்டு பக்கமும் ஒரேநேரத்தில் அமத்தவே கூடாது.

இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் வெளிக்கழுத்து நாளத்தைத் தேட வேண்டியதில்லை, சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பவர் கழுத்தில் தானாகப் புடைத்து நிற்கும்.

சரி, நெறிக்கு, அதாவது வீங்கிக் கட்டும் நிணநீர்க் கணுவுக்கு வருவோம். ஆளுக்குப் பின்னால் நின்று தாடைக்குக் கீழ், காதடி, தசையோரம், பிடரி, காறை எலும்புக் குழி என்று விரல்நுனியை உருட்டிக்கொண்டு போங்கள். பல்லுச் சூத்தைக்கும் தலைப்புண்ணுக்கும் கட்டும் நெறி பெரும்பாலும் நோகும், உருளும். நோகாமல் கல்லுப் போல ஒட்டியிருந்தால்தான் புற்றுநோயோ என்று எனக்குப் பயம். புகையிலை போடும் ஆச்சி ஒருவர், “நோகேல்லைத்தானே மோனை” என்று சிரித்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கோரம் ஆறாத புண். அன்றைக்கே கடிதம் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இடது காறைக் குழியை மட்டும் இரண்டு தரம் தடவுங்கள். உடம்பின் பெரும்பகுதி நிணநீர் அந்தப் பக்கம்தான் நாளத்தில் கலக்கிறது; வயிற்றுப் புற்றுநோய்கூட அங்கே தலைகாட்டும்.