லிட்டர் கணக்கிலேயே நின்றுவிடாதீர்கள்: நகர உணவு, நீர் ஆய்வுக்கு வெளிநாடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நகரம் என்ன சாப்பிடுகிறது, அதை விளைவிக்க எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது, இந்த ஏற்பாடு எத்தனை காலம் தாங்கும்? கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் ஈரோடு, நாமக்கல், திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலும் படித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் பலர் இப்போது இந்தக் கேள்விகளைத்தான் ஆய்வுக்கு எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த கதை இல்லாத குடும்பம் பல்லடம், அவிநாசிப் பக்கம் குறைவு. ஆனால் அவர்கள் எழுதும் ஆய்வுத் திட்டங்களில் சில சறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, விடையை முன்கூட்டியே எழுதிவிட்டு அதற்குக் கேள்வி தேடுவது. "நகர உணவுப் பிரச்சினைக்குத் தீர்வு மண்ணில்லா விவசாயமும் (ஹைட்ரோபோனிக்ஸ்) அடுக்குப் பண்ணையும்" என்று தலைப்பிலேயே தீர்ப்பு இருக்கும். தண்ணீர் மிச்சம் என்பது உண்மைதான். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் அரிசோனாவில் லெட்டூஸ் கீரையை வயலிலும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையிலும் வளர்ப்பதைக் கணக்கிட்டு ஒப்பிட்டது. கிலோவுக்கு வயலில் சுமார் 250 லிட்டர், ஹைட்ரோபோனிக்ஸில் சுமார் 20 லிட்டர். நம் பிள்ளைகள் இந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதே ஆய்வின் அடுத்த வரி ஆற்றலைப் பற்றியது. வயலில் கிலோவுக்கு 1,100 கிலோஜூல், ஹைட்ரோபோனிக்ஸில் 90,000 கிலோஜூல். கரண்ட் பில் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ கீரைக்கு அங்கே சுமார் 25 யூனிட், வயலில் அரை யூனிட் கூட இல்லை. அந்த 25 யூனிட்டை உற்பத்தி செய்யும் அனல்மின் நிலையம் குளிரூட்டத் தண்ணீர் குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் தாண்டி அந்த முறை ஓரிடத்தில் பொருந்தலாம், இன்னோரிடத்தில் பொருந்தாமல் போகலாம். எங்கே, ஏன் என்று கேட்பதுதான் ஆய்வு.

சிங்கப்பூரை உதாரணம் காட்டாத திட்டமே இல்லை. 2030-க்குள் தனது ஊட்டத் தேவையில் 30 சதவீதத்தை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று அந்நாடு 2019-ல் அறிவித்தது. 2025 நவம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டு, நார்ச்சத்து உணவுக்கும் புரத உணவுக்கும் தனித்தனியாக 2035-க்கான இலக்குகளை வைத்துவிட்டது. பழைய முழக்கத்தை மேற்கோள் காட்டி விண்ணப்பிக்கும் மாணவரைப் பற்றி அந்த ஊர்ப் பேராசிரியர் என்ன நினைப்பார்? ஒரு நகரத்தை உதாரணம் காட்டுவதற்கு முன் அதன் சமீபத்திய அறிக்கையைப் படித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை.

அடுத்தது பெரிய தவறு. எல்லாத் தண்ணீரையும் ஒரே தண்ணீராகக் கூட்டுவது.

ஒரு பொருளுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரை மறைநீர் என்கிறோம். அந்தக் கருத்தை முன்வைத்த பிரிட்டிஷ் புவியியலாளர் டோனி ஆலனுக்கு 2008-ல் ஸ்டாக்ஹோம் நீர் விருது கிடைத்தது. நெதர்லாந்தின் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா 2002-ல் அதை நீர்த்தடம் என்று அளக்கும் முறையாக வளர்த்தார். அந்த முறையில் மூன்று நிறங்கள் உண்டு. மண்ணில் தங்கிப் பயிர் உறிஞ்சும் மழைநீர் பச்சை. ஆறு, குளம், கிணற்றிலிருந்து எடுப்பது நீலம். கழிவை நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படும் அளவு சாம்பல். மூன்றையும் கூட்டிக் கிடைக்கும் ஒற்றை எண்தான் செய்தித்தாளுக்கு வரும். ஆய்வேட்டுக்கு அது போதாது.

நாமக்கல் முட்டையை எடுத்துக்கொள்வோம். உலகச் சராசரியாக ஒரு முட்டைக்குச் சுமார் 200 லிட்டர் என்பார்கள். வறண்ட நாமக்கல் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகிறதே, தண்ணீருக்கு எங்கே போகிறது? அந்த 200 லிட்டரில் பெரும்பங்கு கோழி குடித்தது இல்லை, தின்ற தீவனத்தை விளைவித்தது. மக்காச்சோளமும் சோயாவும் பெருமளவு வெளி மாநிலங்களிலிருந்து லாரியில் வருகின்றன. அதில் பெரும்பகுதி அங்கே பெய்த மழை. ஆக, நாமக்கல் முட்டை நாமக்கல் கிணற்றைத்தான் வற்ற வைக்கிறது என்று எழுதினால் தவறு. முட்டையால் தண்ணீருக்குச் சேதமே இல்லை என்று எழுதினாலும் தவறு. ரோட்டர்டாமிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து ஒரு நகரத்தின் தட்டை அளக்கும்போது இதே கேள்வியை ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டும்: எந்த ஊர்த் தண்ணீர், எந்த மாதத்துத் தண்ணீர், அதை எடுத்ததால் யாருக்கு இல்லாமல் போனது?

2018 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு விதித்தது. அந்த 50-ஐயும் முட்டையின் 200-ஐயும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது மாணவர்களுக்குப் பிடித்த வேலை. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஒன்று அணையிலிருந்து குழாய் வழியே அளந்து வந்தது, மற்றது எங்கோ பெய்த மழையைப் பெருக்கிப் பார்த்த மதிப்பீடு. முட்டை தின்பதை நிறுத்தினால் கேப்டவுன் அணை நிறையாது.

சாம்பல் நிறத்துக்கு நமக்குப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை, ஒரத்துப்பாளையம் இருக்கிறது. நொய்யலின் குறுக்கே 1990-களில் பயன்பாட்டுக்கு வந்த அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், தண்ணீர் நின்றும் பாசனத்துக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது வரை அந்த வழக்கு போயிற்று. லிட்டர் கணக்கில் மட்டும் பார்த்தால் அது நீர் இருந்த அணை.

"வீணாகும் நீர்" என்ற சொல்லை எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்க வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. மண் கரை என்பதால் வழியெல்லாம் கசியும். பொறியாளரின் ஏட்டில் அது இழப்பு. வாய்க்காலுக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவருக்கு அதுதான் கிணற்று ஊற்று. கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஈரோட்டுப் பக்கம் விவசாயிகளே இரண்டு அணியாக நின்றது இதனால்தான். கடைமடைக்காரர் தண்ணீர் வந்து சேரட்டும் என்றார், கசிவுநீரை நம்பியவர் வேண்டாம் என்றார். சொட்டுநீரிலும் இப்படித்தான். மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தால் நிலத்தடியில் மிச்சம் எதுவும் நிற்காது. ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக விவாதிக்கும் விஷயம் இது. கீழ்பவானிக்காரர் வீட்டுப் பிள்ளை அந்த விவாதத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே இல்லை.

ஆனால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரை மறைப்பதும் ஒரு தவறுதான். நகரங்கள் தங்கள் உணவுக் கொள்கையை வகுக்க 2015-ல் மிலானில் ஒப்பந்தம் போட்டதைப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவர், 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய உழவர் சந்தையை ஒரு வரியில் கூடச் சொல்வதில்லை. விடியற்காலை பஸ்ஸில் கீரைக்கட்டோடு வந்து ஆர்.எஸ்.புரம் சந்தையில் இறங்கும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர், அதே ஏற்பாட்டை அயல்மொழிக் கட்டுரையில் படித்து வியக்கிறார்.

மறுபக்கம், ஊர் அர்த்தத்தை அங்கே ஏற்றுவதும் நடக்கிறது. நகர விவசாயம் என்றதும் மொட்டை மாடித் தொட்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஜெர்மனியின் சிறுதோட்டங்களுக்கு 1983-லிருந்து தனிச் சட்டமே உண்டு. ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய பத்து சென்ட். அதில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனிக்கு ஒதுக்க வேண்டும் என்பது நடைமுறை. ஓய்வு, பிள்ளைகள் விளையாட்டு, அண்டை வீட்டார் உறவு எல்லாம் கலந்த இடம் அது. வெறும் மகசூலை அளந்துவிட்டு "உற்பத்தித்திறன் குறைவு" என்று முடித்தால், அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

மழை அளவை வைத்துச் செய்யும் ஒப்பீடும் அடிக்கடி சறுக்கும். லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். கோவையிலும் 600-லிருந்து 700-க்குள்தான். எண்ணைப் பார்த்தால் அண்ணன் தம்பி. அங்கே ஆண்டு முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், இங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே வெயில் உறிஞ்சும் தண்ணீர் அங்கே உறிஞ்சுவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆவியாதலைச் சேர்க்காத நீர்க்கணக்கைத் தேர்வாளர்கள் ஏற்பதில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1998-ல் வெளியிட்ட 56-ஆம் எண் பாசன வழிகாட்டியில் கணக்கிடும் முறை முழுதும் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது.

அளந்த எண்ணையும் மதிப்பிட்ட எண்ணையும் ஒரே தராசில் வைப்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பல தோட்டங்களில் தண்ணீருக்கு மீட்டர் உண்டு. இங்கே பண்ணையத்துக்குக் கரண்ட் இலவசம், பெரும்பாலான பம்புசெட்டுக்கு மின் மீட்டர் கூட இல்லை. கிணற்றிலிருந்து எவ்வளவு இறைத்தோம் என்பதற்கு நம்மிடம் இருப்பது ஊகம். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களிலிருந்து வரும் வரலாறு இதற்குப் பின்னால் இருக்கிறது. அதை விளக்காமல் கோவைக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பக்கத்துப் பக்கத்தில் எண் போட்டால், குறை தண்ணீரில் இருக்கிறதா அளவில் இருக்கிறதா என்றே தெரியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே "அளந்தது", "கணக்கிட்டது" என்று ஒரு கட்டம் போடுங்கள்.

அலகுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்றால் சுமார் 2,830 கோடி லிட்டர், வெளியே யாருக்கும் அந்தச் சொல் புரியாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். இதை மனப்பாடமாக வைத்திருங்கள். லட்சம், கோடிக்குப் போடும் காற்புள்ளியை அங்கே அப்படியே விட்டுவிட்டு ஒரு சுழியம் தவறவிட்டவர்கள் உண்டு.

பருவத்தை மறப்பது வேறு மாதிரிச் சிக்கல். ஐரோப்பாவில் வகுப்பு தொடங்குவது செப்டம்பர். திறந்தவெளித் தோட்டங்களில் அப்போது அறுவடை முடிகிற நேரம், அடுத்த விதைப்புக்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். "முதல் மூன்று மாதம் கள ஆய்வு" என்று எழுதிப் போனவர் பனி மூடிய பாத்திகளைத்தான் பார்ப்பார். வேண்டுமானால் குளிர்காலத்தைச் சந்தை, கிடங்கு, பள்ளிச் சமையலறை, உணவு வீணாதல் பற்றிய பகுதிக்கு ஒதுக்கலாம். ஆஸ்திரேலியாவில் பருவமே தலைகீழ்.

அனுமதிகளைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தோட்டக்காரர்களிடம் பேட்டி எடுப்பதற்கே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டியை ஆய்வேட்டில் சேர்க்க விடமாட்டார்கள். ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பில் உள்ள தனிநபர் தரவுச் சட்டப்படி, பேசியவரின் பெயரும் முகவரியும் உங்கள் செல்போனில் கிடப்பதே சிக்கலாகலாம். நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்து "ஏனுங்க, எத்தனை ஏக்கருங்க?" என்று பேச்சை ஆரம்பிப்பதுபோல் அங்கே முடியாது.

மண்ணையும் விதையையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அப்பாரு தோட்டத்துச் செம்மண் ஒரு டப்பா, அமுச்சி கொடுத்த நாட்டு அவரை விதை ஒரு பொட்டலம் என்று கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் விழலாம். அமெரிக்காவுக்கு வெளிநாட்டு மண் போக வேண்டுமானால் அந்நாட்டு வேளாண் துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். இந்தியப் பக்கத்திலும் 2002-ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டம் இருக்கிறது. ஆய்வுக்காக உயிரி வளத்தை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதற்குச் சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தைத்தான் அணுக வேண்டும்.

பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன்" என்பதோடு நிறுத்துவதில் பலன் இல்லை. அந்தக் குடும்பத்தின் கிணற்றைப் பற்றி இரண்டு எண் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். த்ரீ பேஸ் கரண்ட் எத்தனை மணி நேரம் வந்தது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தப் பயிருக்கு, எத்தனை சென்ட்டுக்குப் பாய்ந்தது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கி மறுநாள் எத்தனை அடி ஊறியது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அதே தோட்டத்துக் காய் எந்த மண்டிக்குப் போய், எந்த ஊர் லாரியில் ஏறியது என்று விசாரித்து அடுத்த பக்கத்தில் குறித்துவையுங்கள்.