நடுவில் களியாகாத மரவள்ளி கேக் (கோதுமை இல்லாமல்)

வீட்டுக்காரருக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தேநீரோடு சாப்பிட எங்களுக்குக் கைகொடுத்தது மரவள்ளிதான். மொரீஷியஸில் அதற்குப் பஞ்சமா? மாயெபூரில் 1870 முதல் மரவள்ளியில் பிஸ்கட்டே சுடுகிறார்கள். நான் சனிக்கிழமை கத்ர் போர்ன் சந்தையில் வாங்குவேன். கசப்பு ரகம் வேண்டவே வேண்டாம், அதில் சயனைடு அதிகம்.

தேவையானவை: தோல் சீவிய மரவள்ளி 500 கிராம், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளி 250, மஸ்கவாடோ (சுத்திகரிக்காத பழுப்பு) சர்க்கரை 150, அரிசி மாவு 50, உருக்கிய வெண்ணெய் 60, முட்டை 3, தேங்காய்ப்பால் 150 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், வெனிலா, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு.

மரவள்ளியின் உள்தோலையும் நடு நரம்பையும் எடுத்துவிட்டு, சிறு கண் துருவியில் துருவுங்கள். மிக்ஸி வேண்டாம், தண்ணீர் விடாமல் அது சுற்றாது, தண்ணீர் விட்டால் கேக் போச்சு.

நான் சறுக்கியது அடுத்த படியில். முதல் தடவை துருவலைப் பிழியவே இல்லை. நடுப்பகுதி களியாக நின்றது. வேகவில்லை என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் வைத்தேன், அடி கரிந்ததுதான் மிச்சம். இரண்டாம் தடவை ஒட்டப் பிழிந்து சாறைக் கொட்டிவிட்டேன். மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. சாறோடு மாவுச்சத்தும் போய்விட்டது என்று அப்புறம்தான் புரிந்தது.

சரியான வழி: பழைய வேட்டித் துணியில் பிழிந்து, சாறைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மேல் தண்ணீரை மெதுவாக இறுத்தால் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இருக்கும். தட்டினால் கெட்டி, விரலை மெல்ல அழுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சுரண்டித் துருவலிலேயே சேர்த்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். எல்லாவற்றையும் கலந்து, வெண்ணெய் தடவிய 23 செ.மீ. நீள டின்னில் ஊற்றி, சூடேறிய அவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். டின் தகரமாகவே இருக்கட்டும். சிலிக்கோன் அச்சில் பக்கங்கள் சிவக்காது.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள்! இந்த மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும். குறைந்தது மூன்று மணி நேரம். எங்கள் வீட்டில் இரவில் சுட்டு, தட்டுப் போட்டு மூடி, காலையில்தான் கத்தி வைப்போம்.

பிற்சேர்க்கை: உறைய வைத்த துருவலில் செய்யலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். செய்யலாம், முழுதாக உருகிய பிறகு பிழியுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: சில பேக்கிங் பவுடரில் கோதுமை மாச்சத்து கலந்திருக்கிறது என்று ரீயூனியனிலிருந்து ஒரு வாசகி எழுதினார். எங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அதே கதை. இவருக்கு வயிறு ஏன் இன்னும் சரியாகவில்லை என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்! இப்போது அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும்தான் போடுகிறேன். சாறைக் கடைசியில் விட்டு, உடனே அவனில் வைத்துவிட வேண்டும்.